நாலு ஃபைல் திறந்திருக்கிறது, கர்சர் எதில் நிற்கிறது?

கேரள-தமிழக எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்து டைப்பிங் கடைகளில் ஒரு மனு என்றால் அது ஒரு ஃபைலோடு முடியாது. மலையாளத்தில் உள்ள ஆதாரத்தின் (பத்திரத்தின்) நகல் ஒரு விண்டோவில் இருக்கும். அதைப் பார்த்துத் தமிழில் அடிக்கும் மனு இன்னொன்றில், மாதிரிக்கு எடுத்த பழைய மனு மூன்றாவதில், சர்வே நம்பரும் தண்டப்பேர் எண்ணும் (கேரளத்தில் நிலவரிக் கணக்கின் எண்) குறித்துவைத்த பட்டியல் நான்காவதில். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியிலேயே எழுதிக்கொள்ள 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. மனு தமிழில் போகலாம், ஆனால் கூட வைக்கும் காகிதமெல்லாம் மலையாளத்தில்தான் இருக்கும். ஆகவே இரண்டும் ஒரே திரையில் இருந்தாக வேண்டும்.

நாலு விண்டோ என்பது பெரிய கூட்டமே இல்லை. கண் ஒரு விண்டோவில் இருக்கும், கர்சர் இன்னொன்றில் இருக்கும். காரியம் கெடுவது அங்கேதான். கீழே சொல்வதெல்லாம் அந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ளும் வழிகள். வேர்டு, நோட்பேட் பிளஸ் பிளஸ் இரண்டையும் விண்டோஸ் 10 அல்லது 11-இல் ஓட்டுகிறவர்களை வைத்தே சொல்கிறோம்.

பெயரிலிருந்து தொடங்குங்கள்

டாஸ்க்பாரில் ஃபைல் பெயரின் முதல் பத்துப் பன்னிரண்டு எழுத்துதான் தெரியும். 'வருமானச் சான்று மனு தமிழ்', 'வருமானச் சான்று மனு மலையாளம்' என்று வைத்தால் இரண்டும் 'வருமானச் சா...' என்றே நிற்கும். வேறுபடுத்தும் எழுத்து முதலில் வரட்டும்: 'த-வருமானம்', 'ம-வருமானம்', 'மாதிரி-வருமானம்'. விண்டோஸ் தமிழ் எழுத்திலேயே ஃபைல் பெயரை ஏற்கும், தயங்க வேண்டாம்.

டாஸ்க்பார் பட்டன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடங்குவதையும் நிறுத்திவிடுங்கள். செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், டாஸ்க்பார் என்று போய் 'கம்பைன் டாஸ்க்பார் பட்டன்ஸ்' என்பதை 'நெவர்' ஆக்கினால் ஒவ்வொரு ஃபைலும் தன் பெயரோடு தனியாக நிற்கும். விண்டோஸ் 11 வந்த புதிதில் இந்த வசதி இல்லை. 2023-இல்தான் திரும்ப வந்தது. உங்கள் சிஸ்டத்தில் காணவில்லை என்றால் அப்டேட் பாக்கி இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் வந்த ஃபைலை இரண்டு முறை இறக்கினால் பெயருக்குப் பின்னால் (1) சேர்ந்துவிடும். ஒன்றில் திருத்தி இன்னொன்றை பிரிண்ட் கொடுப்பது இப்படித்தான் நடக்கிறது. ஒரே பெயருள்ள இரண்டு ஃபைல் வெவ்வேறு ஃபோல்டரில் இருந்தாலும் வேர்டு இரண்டையும் திறந்துவிடும் (எக்செல் திறக்காது, சண்டை போடும்). சந்தேகம் வந்தால் ஃபைல் மெனுவில் 'இன்ஃபோ' பாருங்கள், எந்த ஃபோல்டர் என்று மேலேயே எழுதியிருக்கும். ஜிப் ஃபைலுக்குள் இருந்தபடியே திறந்து திருத்தாதீர்கள். அது தற்காலிக ஃபோல்டரில் உள்ள நகல். சேவ் செய்தது எங்கே போனது என்று பிறகு தேட வேண்டிவரும். முதலில் வெளியே எடுத்து, பெயர் மாற்றி, அப்புறம் திறங்கள்.

இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது

இரண்டும் வேர்டு ஃபைல் என்றால் 'வியூ' டேபில் 'வியூ சைடு பை சைடு' அழுத்துங்கள். இரண்டுக்கு மேல் திறந்திருந்தால் எதோடு சேர்க்க என்று கேட்கும். இடம் வலம் கோணலாக வந்தால் அதே இடத்தில் 'ரீசெட் விண்டோ பொசிஷன்' இரண்டையும் சரிபாதி ஆக்கும். கூடவே 'சிங்க்ரனஸ் ஸ்க்ரோலிங்' தானாக ஆன் ஆகிவிடும், அதாவது ஒன்றை உருட்டினால் மற்றதும் உருளும்.

அந்த வசதி ஒரே மனுவின் பழைய, புதிய வடிவங்களை ஒப்பிட அருமையானது. மலையாளமும் தமிழும் என்றால் படுத்தும். இரண்டும் ஒரே நீளத்தில் வராது, ஆனால் வேர்டு இரண்டையும் ஒரே அளவுதான் உருட்டும். மூன்றாம் பக்கம் போவதற்குள் இங்கே எல்லை விவரம், அங்கே சாட்சிக் கையெழுத்து என்று விலகிவிடும். விலகினால் 'சிங்க்ரனஸ் ஸ்க்ரோலிங்'கை ஆஃப் செய்து, ஒரு பக்கத்தை மட்டும் உருட்டி வரியைச் சேர்த்து, மறுபடி ஆன் செய்யுங்கள். அந்த இடத்திலிருந்து சேர்ந்து போகும். மொழிபெயர்ப்புக்கு அதை மொத்தமாக ஆஃப் செய்து வைப்பதே நல்லது.

ஆதாரம் பெரும்பாலும் போட்டோவாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும். அப்போது வேர்டின் பட்டன் உதவாது. விண்டோஸ் கீயோடு இடது அம்பு அழுத்தினால் அந்த விண்டோ இடப்பாதிக்குப் போகும். மீதி விண்டோக்கள் வலப்பக்கம் சின்னதாகத் தெரியும், வேண்டியதைக் கிளிக் செய்தால் அது மறுபாதியில் உட்காரும். நடுவில் உள்ள கோட்டை இழுத்தால் இரண்டும் சேர்ந்து அகலம் மாறும்.

கடைகளில் உள்ள பழைய லேப்டாப்பின் திரை 1366-க்கு 768 என்றால் பாதி என்பது 683 பிக்சல். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர், 100 சதவீத ஜூமில் அது 794 பிக்சல் பிடிக்கும். ஆகவே தாள் முழுதாகத் தெரியாது, வரியின் கடைசிச் சொல் வெளியே நிற்கும். ஜூமில் 'பேஜ் விட்த்' கொடுங்கள். எழுத்து பொடியாகிறது என்றால் 'வெப் லேஅவுட்'டுக்கு மாறினால் விண்டோவின் அகலத்துக்கு வரி மடங்கிக்கொள்ளும், எழுத்தைச் சிறிதாக்க வேண்டியதில்லை. பிரிண்ட் கொடுக்கும் முன் 'பிரிண்ட் லேஅவுட்'டுக்குத் திரும்பிப் பக்கம் எங்கே உடைகிறது என்று பார்த்துவிடுங்கள். 768 உயரத்தில் மேலே உள்ள ரிப்பன் வேறு இடத்தைத் தின்னும். கன்ட்ரோல் + எஃப்1 அழுத்தினால் மடங்கும், மறுபடி அழுத்தினால் விரியும்.

'அரேஞ்ச் ஆல்' என்று ஒன்று அங்கேயே இருக்கிறது. திறந்த விண்டோக்களை எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படுக்கவைக்கும். நாலு ஃபைலுக்கு இந்தத் திரையில் ஆளுக்கு மூன்று வரிதான் தெரியும். விட்டுவிடலாம்.

உருட்டுவது ஓரிடம், அடிப்பது ஓரிடம்

விண்டோஸ் 10-இலிருந்து, கிளிக் செய்யாமலே, மவுஸ் எந்த விண்டோவின்மேல் நிற்கிறதோ அதைச் சக்கரம் உருட்டும். மவுஸ் செட்டிங்கில் 'ஸ்க்ரோல் இன்ஆக்டிவ் விண்டோஸ்' என்று இருப்பது இதுதான். தெரிந்து பயன்படுத்தினால் இதைவிட நல்ல வசதி இல்லை. கர்சர் தமிழ் மனுவிலேயே நிற்கட்டும். மவுஸை மலையாள ஆதாரத்தின்மேல் வைத்துச் சக்கரத்தை மட்டும் உருட்டிப் படியுங்கள், கை கீபோர்டுக்கு வந்ததும் தொடர்ந்து அடிக்கலாம். நடுவில் ஒரு கிளிக் கூட வேண்டாம்.

தெரியாமல் பயன்படுத்தினால் வேறு கதை. மாதிரி மனுவைக் கிளிக் செய்து ஒரு வரி காப்பி எடுப்பீர்கள். மவுஸைத் தள்ளித் தமிழ் மனுவை உருட்டுவீர்கள். அது உருள்வதால் அங்கேதான் இருக்கிறோம் என்று நினைப்பு வரும். பேஸ்ட் அடித்தால் மாதிரிக்குள்ளேயே விழும். எது உருள்கிறது என்று பார்க்காதீர்கள், கர்சர் எங்கே மினுக்குகிறது என்று பாருங்கள். அது மெல்லிய கோடு, கண்ணுக்குத் தப்பும். செட்டிங்ஸில் 'அக்சசிபிலிட்டி', 'டெக்ஸ்ட் கர்சர்' என்று போய் 'டெக்ஸ்ட் கர்சர் இண்டிகேட்டர்' ஆன் செய்தால் கோட்டின் மேலும் கீழும் கலர் பொட்டு வைத்தாற்போல் வரும். பெரிய அளவும் அழுத்தமான நிறமும் கொடுங்கள்.

விண்டோ மாற மவுஸை விடக் கீபோர்டு நம்பகமானது. கன்ட்ரோல் + எஃப்6 வேர்டு விண்டோக்களுக்குள் மட்டும் சுற்றும், ஷிஃப்ட் சேர்த்தால் பின்னோக்கிச் சுற்றும். ஆல்ட் + டேப் எல்லாவற்றையும் காட்டும், பிரவுசர், வாட்ஸ்அப் உட்பட. லேப்டாப்பில் எஃப்6 அழுத்தினால் வேறு ஏதோ நடக்கிறது என்றால் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க்பாரில் வேர்டு இரண்டாவது ஐகான் என்றால், விண்டோஸ் கீயைப் பிடித்தபடி 2-ஐத் திரும்பத் திரும்பத் தட்டினாலும் வேர்டு ஃபைல்கள் ஒவ்வொன்றாக வரும்.

இரண்டு வாடிக்கையாளர் வேலை ஒரே நேரத்தில் ஓடுகிறது என்றால் ஆளுக்கொரு டெஸ்க்டாப் கொடுத்துவிடுங்கள். விண்டோஸ் கீ + கன்ட்ரோல் + டி புது டெஸ்க்டாப் திறக்கும், விண்டோஸ் கீ + கன்ட்ரோலோடு இட வல அம்புகள் அழுத்தினால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகலாம். ஒன்றின் ஃபைல் மற்றதன் டாஸ்க்பாரில் தெரியாது. வேலை முடிந்து விண்டோஸ் கீ + கன்ட்ரோல் + எஃப்4 அழுத்தினால் டெஸ்க்டாப்தான் போகும். ஃபைல்கள் மூடாது, பக்கத்து டெஸ்க்டாப்புக்கு வந்துவிடும். பயப்பட வேண்டாம், மறக்கவும் வேண்டாம்.

ஒரே ஃபைல், இரண்டு விண்டோ

நீண்ட பாகப்பிரிவினைப் பத்திரத்தில் முதல் பக்கத்துப் பெயர் வரிசையைப் பார்த்துக்கொண்டே கடைசிப் பக்கத்து அட்டவணை அடிக்க வேண்டும். 'வியூ'வில் 'நியூ விண்டோ' அழுத்துங்கள். அதே ஃபைல் இன்னொரு விண்டோவில் வரும், தலைப்பில் பெயரோடு 1, 2 என்று எண் சேரும். இது நகல் அல்ல. ஒன்றில் அடித்தால் மற்றதிலும் அந்த நொடியே மாறும், ஒன்றில் அன்டூ செய்தால் மற்றதிலும் போகும். இதைத் தெரியாமல் 2-ஐ நகல் என்று நினைத்து அதில் வெட்டி ஒட்டிப் பார்த்தால் அசலே போய்விடும்.

இன்னொரு விண்டோ வேண்டாம் என்றால் ஆல்ட் + கன்ட்ரோல் + எஸ் அழுத்துங்கள். ஒரே விண்டோ மேல், கீழ் என்று இரண்டாகப் பிளக்கும். பிளவுக் கோட்டை இரட்டைக் கிளிக் செய்தால் சேர்ந்துவிடும். சின்னத் திரைக்கு இதுவே போதும்.

கீபோர்டு எந்த மொழியில் இருக்கிறது?

எல்லைக் கடைக்கே உரிய தலைவலி இது. தமிழ் மனுவிலிருந்து மலையாள ஃபைலுக்குத் தாவினால் கீபோர்டு தமிழிலேயே நிற்கும். ஒரு வரி அடித்த பிறகுதான் தெரியும். விண்டோஸ் கீ + ஸ்பேஸ் மொழியை மாற்றும். ஒவ்வொரு முறையும் அதைச் செய்யாமல் இருக்க, செட்டிங்ஸில் 'டைப்பிங்' பகுதியின் 'அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ்' போய், ஆப் விண்டோ ஒவ்வொன்றுக்கும் தனி இன்புட் முறை என்ற பெட்டியில் டிக் போடுங்கள். பட்டியல் வைத்திருக்கும் நோட்பேட் பிளஸ் பிளஸ் ஒரு மொழியிலும் வேர்டு இன்னொன்றிலும் நிற்கும்.

இரண்டு வேர்டு ஃபைலுக்கு நடுவில் இதை நம்ப வேண்டாம். அங்கே வேர்டின் 'ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்டு' பகுதியில், சுற்றியுள்ள எழுத்தின் மொழிக்கு ஏற்பக் கீபோர்டைத் தானாக மாற்றும் தெரிவு உண்டு, அதை ஆன் செய்யுங்கள். மலையாள வரிக்குள் கர்சர் போனால் கீபோர்டும் மலையாளமாகும். காலியான புது ஃபைலில் சுற்றிலும் எழுத்தே இல்லை, ஆகவே அங்கே முதல் வரிக்கு நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

இதெல்லாம் யூனிகோடுக்கு. பழைய மனு யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்தால், அதிலிருந்து எடுத்துப் புது விண்டோவில் 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' என்று ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். ஃபைல் கெட்டுப்போகவில்லை, எழுத்துரு விலகியதால் உள்ளே இருந்தது வெளியே தெரிகிறது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். பழைய மலையாள எழுத்துருக்களும் இதே ஜாதிதான்.

நிறைய ஒட்ட வேண்டுமென்றால் விண்டோஸ் கீ + வி. முதல் முறை ஆன் செய்யச் சொல்லும். பிறகு கடைசியாக எடுத்த 25 காப்பிகள் வரை வைத்திருக்கும். பெயர், சர்வே நம்பர், கரம் (நிலவரி) அடைத்த ரசீது எண் மூன்றையும் மலையாள விண்டோவில் வரிசையாகக் காப்பி எடுத்துக்கொண்டு, ஒரே தடவை தாவி மூன்றையும் ஒட்டலாம். தாவல் குறைந்தால் தப்பும் குறையும்.

நோட்பேட் பிளஸ் பிளஸில் டேப்கள்

சொற்பட்டியல், அளவுப் பட்டியல், முகவரிகள் எல்லாம் வேர்டில் வேண்டாம். நோட்பேட் பிளஸ் பிளஸில் ஒரே விண்டோவுக்குள் டேப் டேபாக வைத்தால் டாஸ்க்பார் நெரியாது. அளவுப் பட்டியலில் ஒரு வரி: 1 ஆர் = 100 சதுர மீட்டர் = 2.47 சென்ட். கேரளத்துக் காகிதத்தில் ஆர் கணக்கு இருக்கும், கேட்பவர் சென்டில் கேட்பார். சொற்பட்டியலில் சில வரிகள்: ஆதாரம் - பத்திரம். கரம் - நிலவரி. சாக்ஷ்யபத்ரம் - சான்றிதழ் (சாட்சிப் பத்திரம் அல்ல). அவகாசம் - உரிமை. தமிழில் அவகாசம் என்றால் கெடு, மலையாளத்தில் உரிமை. மனுவில் இதை அப்படியே விட்டால் பொருளே புரண்டுவிடும்.

கன்ட்ரோல் + டேப் கீ அழுத்தினால் ஃபைல் டேப் மாறும். டேப் தலைப்பில் வலது கிளிக் செய்து 'மூவ் டு அதர் வியூ' கொடுத்தால் விண்டோ இரண்டாகப் பிரிந்து அந்த டேப் மறுபக்கம் போகும், எஃப்8 அழுத்தினால் கர்சர் பக்கம் மாறும். 'குளோன் டு அதர் வியூ' என்பது வேர்டின் 'நியூ விண்டோ' மாதிரி, ஒரே ஃபைலின் இரண்டு முகம். டேபில் உள்ள ஃப்ளாப்பிப் படம் சிவப்பாக இருந்தால் சேவ் ஆகவில்லை, நீலம் என்றால் ஆகிவிட்டது.

'ரீப்ளேஸ் ஆல் இன் ஆல் ஓப்பன்டு டாக்குமென்ட்ஸ்' என்ற பட்டனிடம் மரியாதையோடு இருங்கள். மனு டேபில் மட்டும் 'அவகாசம்' என்பதை 'உரிமை' ஆக்க நினைத்து இதை அழுத்தினால், சொற்பட்டியலில் உள்ளதும் 'உரிமை - உரிமை' ஆகிவிடும், கெடுவைச் சொல்லும் இன்னொரு மனுவும் கெடும். ஒரு அன்டூ எல்லா டேபையும் மீட்காது. ஒவ்வொரு டேபாகப் போய்க் கன்ட்ரோல் + இசட் அடிக்க வேண்டும்.

கரண்ட் போனால் நோட்பேட் பிளஸ் பிளஸ் தாங்கும். 'செஷன் ஸ்னாப்ஷாட்' ஆனில் இருந்தால் 7 வினாடிக்கு ஒரு முறை எடுத்துவைக்கும், மறுபடி திறந்தால் டேப்கள் அப்படியே நிற்கும். அந்தத் தைரியத்தில் 'நியூ 1', 'நியூ 2' என்று பெயரே வைக்காமல் மாதக்கணக்கில் விடாதீர்கள். அவை பேக்அப் ஃபோல்டரில் மட்டும்தான் உள்ளன, சிஸ்டத்தை ஃபார்மேட் அடித்தால் கூடவே போகும். கீழே வலது மூலையில் யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆன்சி என்று இருந்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். திரும்ப எடுக்க வழியில்லை.

லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் வேலை செய்பவர்களுக்கு 'விண்டோ' மெனுவில் 'நியூ விண்டோ' உண்டு, திறந்த ஃபைல்களின் பெயரும் அதே மெனுவின் அடியில் வரிசையாக இருக்கும். வேர்டு போல் இரண்டும் சேர்ந்து உருள்வதை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். உபுண்டுவில் டேப் கீக்கு மேலே உள்ள கீயை ஆல்ட்டோடு அழுத்தினால் ரைட்டர் விண்டோக்களுக்குள் மட்டும் சுற்றலாம்.

மாதிரியைக் காப்பாற்றுவது

மாதிரி மனுவை நேரடியாகத் திறக்கவே கூடாது. ஃபைல் திறக்கும் பெட்டியில் 'ஓப்பன்' பட்டனின் பக்கத்து அம்பைத் தட்டினால் 'ஓப்பன் ரீட்-ஒன்லி', 'ஓப்பன் அஸ் காப்பி' இரண்டும் இருக்கும். பார்க்க மட்டும் என்றால் முதலாவது, அதன்மேலேயே அடிக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டாவது. 'சேவ் ஆஸ்' பிறகு கொடுத்துக்கொள்ளலாம் என்று தொடங்கினால், பாதியில் கை பழக்கத்தில் கன்ட்ரோல் + எஸ் அடித்துவிடும்.

வேர்டு ஆட்டோரெகவர் வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒரு முறைதான். 'ஆப்ஷன்ஸ்', 'சேவ்' பகுதியில் அதை 2 ஆக்குங்கள். திறந்த எல்லாவற்றையும் ஒரே தட்டில் சேவ் செய்ய 'சேவ் ஆல்' என்ற கட்டளை இருக்கிறது, ரிப்பனில் தெரியாது. மேலே உள்ள குவிக் ஆக்சஸ் பட்டையில் 'மோர் கமாண்ட்ஸ்' வழியாகச் சேர்க்க வேண்டும். மாதிரி நேரடியாகத் திறந்திருக்கும்போது மட்டும் அதைத் தொடாதீர்கள்.

இரண்டாவது மானிட்டரைக் கழற்றிய பிறகு ஒரு விண்டோ டாஸ்க்பாரில் தெரியும், திரையில் வராது. அதைத் தேர்ந்தெடுத்து விண்டோஸ் கீ + ஷிஃப்ட் + இடது அம்பு அழுத்துங்கள். வரவில்லையென்றால் ஆல்ட் + ஸ்பேஸ், பிறகு எம், பிறகு ஏதாவது ஒரு அம்பு. இப்போது மவுஸை அசைத்தால் விண்டோ அதோடு ஒட்டிக்கொண்டு வரும்.

கரண்ட் போய் வந்த பிறகு உங்கள் ஃபைலையே வேறு யாரோ திறந்திருப்பதாக வேர்டு சொன்னால், காட்டும் பெயர் பெரும்பாலும் உங்கள் பெயராகவே இருக்கும். டாஸ்க் மேனேஜரில் வேர்டு ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் முடித்துவிட்டு, அதே ஃபோல்டரில் மறைந்திருக்கும் ~$ என்று தொடங்கும் ஃபைலை நீக்குங்கள். அது பூட்டு மட்டும்தான், அதில் மனு எதுவும் இல்லை.

கடை மூடும்போது விண்டோக்களைக் கன்ட்ரோல் + டபிள்யூ அழுத்தி ஒவ்வொன்றாக மூடுங்கள். சேவ் செய்யவா என்று கேட்கும் பெட்டியில் ஃபைல் பெயரைப் படியுங்கள். நீங்கள் தொடாத மாதிரி ஃபைலுக்குக் கேட்டால் 'கேன்சல்' கொடுத்து, கன்ட்ரோல் + இசட் ஒரு முறை அடித்துப் பாருங்கள். ஏதாவது எழுத்து மறைந்தால் வேறு மனுவுக்கான வரி இங்கே விழுந்திருக்கிறது. கன்ட்ரோல் + ஒய் அடித்து அதைத் திரும்ப வரவைத்து, காப்பி எடுத்து உரிய மனுவில் சேர்த்துவிட்டு, மாதிரியைச் சேவ் செய்யாமல் மூடுங்கள். அன்டூ செய்ய எதுவுமே இல்லை என்றால், பிரிண்ட் கொடுத்தபோது தேதி ஃபீல்டு தானாக மாறியிருக்கும். 'டோன்ட் சேவ்' போதும்.